எழுத்தில் இல்லாத வாக்கு: கொழும்புத் தமிழரிடையே காதலும் அதன் சாட்சிகளும்

காதலில் ஏமாற்றப்பட்ட ஒருவர் அதன்பின் எவரையும் நம்ப முடியாமல் ஒதுங்கிவிடும்போது, அதை அவருடைய மனப்பலவீனமாகவோ காலப்போக்கில் தானாக ஆறிவிடும் காயமாகவோ கருதிக் கடந்துவிடுவது தமிழ்ச் சமூகத்தில் வழக்கமாகிவிட்டது. ஆயினும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய கொழும்பின் இரு தமிழ்ப் பகுதிகளில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் திருமண உறவுகள் எவர் பொறுப்பில் பேசப்பட்டன, கொடுத்த வாக்குக்கு எவர் சாட்சி நின்றனர், அந்தச் சாட்சிகள் எப்போது எவ்வாறு இல்லாமற் போயினர் என்பவற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது வேறொரு உண்மை தெரியவருகிறது. ஒருவரை நம்பலாமா என்று ஆராய்ந்தறியும் வேலை முன்பு ஊருக்கும் உறவுக்கும் தேவாலயத்துக்கும் நீதிமன்றத்துக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. நகரமும் போரும் அந்தப் பொறுப்பாளர்களை ஒவ்வொருவராக விலக்கி, முழு வேலையையும் காதலிக்கும் தனியாளின் தலையில் ஏற்றிவைத்தன. ஏமாந்தவர் தம் அறிவையே நொந்துகொள்வதில் இந்த வரலாற்றுக்கும் பங்குண்டு.

காதலில் பொய் நுழையும் என்பதைத் தமிழ் மரபு மிகப் பழங்காலத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தது. திருமணச் சடங்கு ஏன் தோன்றியது என்பதற்குத் தொல்காப்பியத்தின் கற்பியல் கூறும் காரணம், பொய்யும் தவறும் உலகில் தலைகாட்டிய பின்னரே பெரியோர் அதனை வகுத்தனர் என்பதாகும். அதாவது, சடங்கு அங்கே காதலின் அலங்காரமாகக் கருதப்படவில்லை. பலர் அறிய நிகழ்ந்த ஒன்றைப் பின்னர் எவரும் மறுக்க முடியாது என்பதற்கான ஏற்பாடாகவே கருதப்பட்டது. அகநானூற்றின் 256ஆம் பாடல் இன்னும் துலக்கமான ஒரு செய்தியைத் தருகிறது: கள்ளூர் என்னும் ஊரில் ஒரு பெண்ணோடு பழகிய ஒருவன், அவளை அறியவே அறியேன் என்று பொய்ச்சூள் உரைக்க, ஊர் அவையத்தார் சாட்சிகளை விசாரித்து உண்மை கண்டு, அவனை மரக்கிளையிற் கட்டி வைத்துத் தலையில் நீற்றைக் கொட்டினர். தண்டனையின் கடுமை இங்கே முதன்மையானதன்று; ஏமாற்றப்பட்டவள் தன் நினைவு மெய்தானா என்று தனியே உழலும் நிலைக்கு விடப்படவில்லை என்பதே முதன்மையானது. நிகழ்ந்தது நிகழ்ந்ததே என்று ஓர் அவை வாய்திறந்து சொன்னது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களில் இந்த வேலையைப் பிற்காலத்தில் பேச்சுக்கால் என்னும் வழக்கம் செய்துவந்தது. பேச்சுக்கால் என்பது திருமணம் குறித்து இரு வீட்டாருக்கும் இடையே தரகர் வழியாகவோ உறவினர் வழியாகவோ நடைபெறும் நீண்ட உரையாடல். குறிப்பு எனப்படும் சாதகம் பொருந்திய பின்னர், மாப்பிள்ளையின் படிப்பு, குடி, கடன், குடும்பத்து நோய், முன்னைய தொடர்பு ஆகிய யாவும் அவ்வூரிலேயே விசாரிக்கப்பட்டன. ஒளித்துவைக்கப்பட்ட செய்தி எதையாவது எவரேனும் அறிந்திருந்தால், அது பெயரில்லாத மொட்டைக் கடிதமாகவேனும் பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மொட்டைக் கடிதத்தால் குலைந்த நல்ல சம்பந்தங்களும் ஏராளம். இவற்றுக்கெல்லாம் மேலாக, பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டவை சீதன உறுதியில் எழுதப்பட்டன. ஒல்லாந்த ஆட்சியாளருக்காக கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707இல் தொகுத்தளித்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூவகைப்படுத்தி, மனைவி கொண்டுவந்ததைக் கணவனுடையதிலிருந்து பிரித்தே வைத்தது.

இந்தக் காப்பு விலையின்றிக் கிடைக்கவில்லை. விசாரணை என்ற பெயரில் முதலில் விசாரிக்கப்பட்டது சாதி; பெண்ணின் விருப்பம் கேட்கப்பட்ட வீடுகள் குறைவு; ஊரின் கண் காத்த அதே வேளையில் ஒடுக்கவும் செய்தது. எனவே அதை இழந்த பொற்காலமாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த ஏற்பாட்டில், ஒரு திருமணம் பொய்த்துப்போனால் பொய்த்தது தரகரின் சொல், மாமனின் விசாரணை, ஊரின் கணிப்பு என்றே கொள்ளப்பட்டது. ஏன் நம்பினாய் என்ற கேள்வி பெண்ணை நோக்கியோ ஆணை நோக்கியோ மட்டும் திரும்பவில்லை.

கொழும்பு இந்த ஏற்பாட்டை இடம்பெயர்த்தது. 1905இல் வடக்கிற்கான இருப்புப்பாதை நிறைவுற்று யாழ்ப்பாணம் தலைநகரோடு இணைக்கப்பட்டபின், மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் அரசாங்க உத்தியோகத்துக்காகத் தொகைதொகையாகக் கொழும்புக்கு வந்தனர். அவர்கள் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பிய பணத்தால் குடாநாட்டு வாழ்க்கைக்கே மணியோடர் பொருளாதாரம் என்ற பெயர் நிலைத்தது. மணமாகாத உத்தியோகத்தர்கள் பலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சமையற்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு வாழும் முறை சம்மரி எனப்பட்டது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வெள்ளவத்தை ஒழுங்கைகளில் குடும்பங்கள் நிலைகொள்ளத் தொடங்கியபோது, சம்மரிகளும் அவற்றின் அருகே அமைந்தன. அங்கே வாழ்ந்த இளைஞனின் குடும்பத்தை அயலவர் அறியார். அலுவலகத்திலோ கோயில் திருவிழாவிலோ கல்வி நிலையத்திலோ அவனைச் சந்தித்த பெண்ணின் தந்தைக்கு, இருநூற்றைம்பது மைலுக்கு அப்பாலுள்ள ஓர் ஊரில் விசாரித்தறிய வேண்டியிருந்தது. அவனுக்கு ஊரில் ஏற்கெனவே பேச்சுக்கால் முடிந்திருந்தாலும் கொழும்பில் அது தெரியவர மாதங்கள் ஆகலாம். தூரம் முதன்முறையாகப் பொய்க்கு ஒத்தாசை செய்தது.

கொட்டாஞ்சேனையின் நிலை சற்று வேறு. துறைமுகத்தை ஒட்டிய அப்பகுதியில் பரதர், கொழும்புச் செட்டிகள், இந்தியாவிலிருந்து வந்த வணிகர், துறைமுகத் தொழிலாளர் எனப் பல வகையினர் தலைமுறைகளாக வாழ்ந்தனர். அவர்களில் கத்தோலிக்கருக்குப் புனித லூசியா பேராலயமும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் ஊர் அவையின் வேலையில் ஒரு பகுதியைச் செய்தன. திருமணத்துக்கு முன் ஓலை வாசித்தல் என்னும் வழக்கம், அதாவது மணமக்களின் பெயர்களைத் தொடர்ந்து மூன்று திருநாட்களில் பூசைக்கு நடுவே அறிவித்து, தடை தெரிந்தவர் வந்து சொல்லும்படி கேட்பது, 1563இல் திரெந்து பொதுச்சங்கம் கத்தோலிக்க உலகுக்கு விதித்த ஒழுங்கிலிருந்து வருவது. அந்தச் சங்கம் வெளிப்படையாகக் கூறிய காரணமே கவனத்துக்குரியது: மறைவில் ஒருத்திக்கு வாக்களித்து அவளோடு வாழ்ந்தவர்கள், அவளைக் கைவிட்டுப் பின்னர் பகிரங்கமாக இன்னொருத்தியை மணந்தனர், மறைவில் நடந்ததைத் திருச்சபையால் நிறுவ முடியவில்லை. ஐரோப்பாவில் பிறந்த இந்த ஏற்பாடும் தொல்காப்பியம் சுட்டிய அதே பொய்க்கு எதிராகவே எழுந்தது என்பது வியப்புக்குரியதன்று. இரண்டு சமூகங்களும் ஒரே காயத்தைக் கண்டிருந்தன. கொட்டாஞ்சேனையில் ஓலை வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில், கடைசி வரிசையில் நின்ற எவரும் எழுந்துசென்று குருவானவரிடம் தாம் அறிந்ததைச் சொல்லலாம் என்பதே அதன் வலிமை.

அரசு செய்த ஏற்பாடு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டமாகும். யாழ்ப்பாணத் தமிழர் எழுத்து என்று அழைக்கும் பதிவுத் திருமணம் இன்றுவரை இதன்படியே நடைபெறுகிறது. மணவறிவித்தல் கொடுத்துக் குறித்த நாட்கள் காத்திருக்க வேண்டும், தடை உடையவர் அதைப் பதிவாளரிடம் தெரிவிக்கலாம் என்ற அளவில் அது ஓலை வாசித்தலின் உலகியல் வடிவமே. விசேட அனுமதிப்பத்திரம் பெற்றால் அந்தக் காத்திருப்பும் சுருங்கிவிடும். ஆனால் காதலின் வரலாற்றுக்கு முதன்மையானது அச்சட்டத்தின் 20ஆம் பிரிவு. ஒல்லாந்தர் காலத்திலிருந்து தொடர்ந்து, 1799இல் பிரித்தானியர் பிரகடனத்தால் நிலைநிறுத்தப்பட்ட உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய மரபில், மணவாக்குக் கொடுத்தவர் மணந்தே ஆகவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட இடமிருந்தது. 20ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கவில்லை. எவரையும் மணமுடிக்கும்படி வற்புறுத்தி வழக்கிட முடியாது என்றது. அதே நேரத்தில், வாக்கு மீறப்பட்டவர் நட்டஈடு கோரலாம் என்று ஒரு வாயிலைத் திறந்துவைத்து, அந்த வாயிலுக்கு ஒரு பூட்டையும் போட்டது: மணப்பதாக அளித்த வாக்கு எழுத்தில் இருந்தாலன்றி வழக்குச் செல்லாது.

இந்த ஒரு நிபந்தனை கொழும்பின் காதல் கடிதங்களுக்கு ஒரு புதிய வேலையைக் கொடுத்தது. அன்புக்காக எழுதப்பட்ட தாள் சான்றாக மாறியது. கைவிடப்பட்ட பெண்ணின் தந்தை பிறக்கிராசியாரிடம், அதாவது வழக்கை ஆயத்தம் செய்யும் சட்டத்தரணியிடம், கொண்டுசென்ற கடிதக் கட்டில் அவர் தேடியது ஒன்றே ஒன்று: இன்னாரை நான் மணப்பேன் என்ற பொருள் தரும் ஒரு வாக்கியம். ஏக்கமும் ஆறுதலும் கோபமும் மன்னிப்பும் நிறைந்த நாற்பது கடிதங்களில் அந்த வாக்கியம் இல்லையெனில் நாற்பதும் வீண். கடிதத்திலுள்ள சொற்கள் வாக்கு ஆகுமா, வெறும் விருப்பமா, முன்பு வாய்மொழியாகச் சொன்னதை உறுதிப்படுத்துகின்றனவா என்ற கேள்வி இலங்கையின் மேன்முறையீட்டு மன்றங்களில் மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. நட்டஈட்டில் திருமண ஏற்பாட்டுக்குச் செலவழித்த பணம் மட்டுமன்றி, மனத்துக்கும் மதிப்புக்கும் நேர்ந்த ஊறும் கணக்கில் கொள்ளப்பட்டது என்பது இச்சட்டத்தின் பெருமைக்குரிய பகுதி; நம்பிக்கை முறிவு ஒரு மெய்யான சேதம் என்று அது ஏற்றுக்கொண்டது.

ஆனால் சட்டம் கண்டதற்கும் காணாததற்கும் உள்ள இடைவெளியிலேதான் சூழ்ச்சிக்காரர் வாழ்ந்தார். எழுதத் தெரிந்தவர்களின் உலகில், எழுதாமல் இருப்பதும் ஒரு திறன். ஆண்டுக்கணக்காகப் பழகி, தங்கையின் திருமணம் முடியட்டும், பதவியுயர்வு கிடைக்கட்டும், அம்மாவின் கோபம் தணியட்டும் என்று ஒத்திவைத்து, ஒவ்வொரு முறையும் ஐயுற்றவரையே குற்றவாளியாக்கி, இறுதியில் நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று கேட்டவருக்கு எதிராக 20ஆம் பிரிவு எதுவும் செய்ய இயலவில்லை. உரோமன் டச்சுச் சட்டத்தில் கன்னியொருத்தியை மயக்கிக் கெடுத்தவர்மீது தொடுக்கத்தக்க வேறொரு வழக்கும் இருந்தது. எனினும் அது பெண்ணின் கன்னிமைக்கு விலை நிறுவியதேயன்றி அவளுடைய நம்பிக்கைக்கு அன்று, ஆணுக்கு அதில் இடமே இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் 362ஆம் பிரிவை அடுத்துச் சேர்க்கப்பட்ட விதிகள், சட்டப்படி மணந்துவிட்டதாகப் பொய்யாக நம்பவைத்துக் கூடிவாழ்வதையும் இருதார மணத்தையும் குற்றமாக்கின. இவை அனைத்தும் ஒரு தனிச் செயலை, ஒரு நாளில் சொல்லப்பட்ட ஒரு பொய்யைப் பிடிக்க வல்லவை. நாள்தோறும் சிறிதுசிறிதாக நிகழும் ஆட்டிப்படைத்தலைப் பிடிக்கும் கண் அவற்றுக்கு இல்லை.

திருமணத்துக்குப் பின் இதே இடைவெளி சொத்தின் வழியாகவும் திறந்தது. யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைகள் தொடர்பான 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனமான நிலத்தையோ வீட்டையோ விற்பதாயின் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் கைவிட்டாலோ நியாயமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறலாம் என்ற விலக்கும் அதில் உண்டு. பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களை இத்தகைய சம்மதங்களிலிருந்து விடுவித்த 1923ஆம் ஆண்டுச் சட்டம் தேசவழமைப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆதலால் ஒரே மாடிக் கட்டடத்தில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இரு தமிழ்ப் பெண்களில், யாழ்ப்பாணத்தவரை மணந்தவர் தன் பெயரிலுள்ள வீட்டுக்கே கணவனின் கையெழுத்தை எதிர்பார்க்க, கொட்டாஞ்சேனையில் பிறந்து கொழும்புத் தமிழரை மணந்தவர் அவ்வாறு எதிர்பார்க்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடே சீதனமாகக் கேட்கப்படும் காலம் வந்தபின், அன்பைக் காட்டியும் பின்வாங்கியும் ஒருவரை ஆளும் துணைவரின் கையில் இந்தக் கையெழுத்து எத்தகைய கருவி என்பதை விளக்கத் தேவையில்லை.

தமிழருக்கு எதிரான 1983 யூலை வன்செயல் இந்த உலகையே புரட்டியது. வெள்ளவத்தையில் வீடுகள் எரிக்கப்பட்டன. அகதி முகாம்களிலிருந்து கப்பலேறி வடக்கே சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. ஆயிரக்கணக்கானோர் கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் போயினர். சில ஆண்டுகளில் எதிர்த்திசை ஓட்டம் தொடங்கியது. வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்ட காலத்திலும், 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் பெயர்ந்த பின்னரும், பாஸ் என்னும் பயண அனுமதி பெற்றுக் கொழும்பு வந்தோர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களை நிரப்பினர். லொட்ஜ் என்பது மாதக்கணக்கில் அறை வாடகைக்குக் கிடைக்கும் மலிவான விடுதி. பொலிஸ் பதிவின்றி அப்போது அங்கே தங்க முடியவில்லை. விசாவுக்குக் காத்திருப்போர், காணாமற் போனவரைத் தேடுவோர், மருத்துவத்துக்கு வந்தோர் ஆகியோருக்கு நடுவே வெளிநாட்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கும் இளம்பெண்களும் தாயோடோ அத்தையோடோ அங்கே தங்கினர்.

இவர்களுக்காகப் பேசப்பட்ட திருமணங்கள் தமிழர் வரலாற்றில் முன்பு இல்லாத வகையின. மாப்பிள்ளை ரொறன்ரோவில், பெண் கொழும்பு லொட்ஜில், பெற்றோர் வன்னியில் இடம்பெயர்ந்து, மாப்பிள்ளையின் ஊரவர் ஐந்து நாடுகளில். விசாரிப்பதற்கு ஊர் என்ற ஒன்றே அந்த இடத்தில் இல்லை. அந்த வெற்றிடத்தைத் தரகர்கள் நிரப்பினர். குறிப்பும் படமும் அவர்கள் கையால் கடல் கடந்தன. காலி வீதியின் கொமினிகேஷன்களில், அதாவது நிமிடக் கணக்கில் வெளிநாட்டு அழைப்பு எடுக்கும் கடைகளில், கண்ணாடித் தடுப்புக்குள் நின்று பெண்கள் தாம் நேரில் காணாதவரோடு பேசினர். பன்னாடுகளில் பரவிய ஈழத்தமிழர் திருமணங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் சித்தார்த்தன் மௌனகுரு 2019இல் வெளியிட்ட நூல், சிதறிய சமூகத்தில் இந்தத் தரகரும் திருமண ஒளிப்படங்களும் விசா ஆவணங்களும் அறியாதவர்களை இணைத்த முறையை விரிவாக எழுதுகிறது. போரால் அறுந்த உறவுகளை மீண்டும் கட்டிய முயற்சி என்று அத்திருமணங்களை அவர் மதிப்பது நியாயமே. அவற்றில் பெரும்பகுதி நல்ல குடும்பங்களாக வளர்ந்தன. எனினும் அதே ஏற்பாட்டில், வெளிநாட்டில் ஏற்கெனவே குடும்பம் உள்ளவரும், வயதையும் தொழிலையும் மாற்றிச் சொன்னவரும், ஸ்பொன்சர் செய்வதாக, அதாவது தம் நாட்டுக்கு அழைக்க விண்ணப்பிப்பதாகச் சொல்லியே ஆண்டுக்கணக்காக ஒருவரைத் தம் சொற்படி நடக்கவைத்தவரும் புகுந்துகொள்ள இடமிருந்தது. ஏமாற்றியவர் பெண்ணாக இருந்த வேளைகளும் உண்டு. விசா கிடைத்த மறுவாரமே கைவிடப்பட்ட ஆண்கள் வெட்கத்தால் வாய்திறக்கவில்லை.

இக்காலத்துக்குரிய பொருளாக விசாக் கோப்பைக் கொள்ளலாம். அதில் திருமணப் பதிவுச் சான்றிதழ், மொழிபெயர்ப்புடன் நொத்தாரிசு சான்று, அழைப்பிதழ், தொலைபேசிக் கட்டணப் பற்றுச்சீட்டுகள், முத்திரையும் திகதியும் தெரியும்படி கடித உறைகள், இவற்றோடு பெரிய திருமண அல்பம் இருந்தன. அல்பத்தில் படங்கள் வைக்கப்பட்ட ஒழுங்குகூட அதிகாரியின் பார்வையை எண்ணி அமைந்தது: பொன்னுருக்கல், தாலிகட்டு, கூறைச்சேலையில் பெண், இரு பக்கத்துப் பெற்றோரும் சேர்ந்து நிற்கும் படம், விருந்தினர் நிரம்பிய மண்டபம். பிரித்தானியாவில் 1997 வரை நடைமுறையிலிருந்த முதன்மை நோக்க விதியின்படி, இந்தத் திருமணத்தின் முதன்மை நோக்கம் குடியேற்றம் அன்று என்று நிறுவும் சுமை விண்ணப்பித்தவர்மீதே இருந்தது. கனடா 2012 முதல் 2017 வரை, புதிதாக மணந்து ஸ்பொன்சரில் வந்த பல துணைவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழவேண்டும் என்ற நிபந்தனையோடு நிரந்தர வதிவிடம் கொடுத்தது. கொடுமைக்குள்ளானவருக்கு விலக்கு உண்டெனினும், மொழி தெரியாத ஊரில் அதை அறிந்து கேட்பது எளிதன்று. ஆட்டிப்படைக்கும் துணைவருக்கு அந்த இரண்டு ஆண்டு ஒரு சங்கிலியாயிற்று.

இங்கே வரலாறு ஒரு கொடிய முரணை ஈன்றது. அரசுகள் அன்பை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விசாரித்தன. எங்கே சந்தித்தீர்கள், அவருக்குப் பிடித்த உணவு என்ன, எத்தனை முறை பேசினீர்கள் என்று கொழும்பிலுள்ள தூதரகங்களின் சாளரங்களில் கேட்டன. ஆனால் அந்த விசாரணை அரசின் எல்லையைக் காக்க நடந்ததேயன்றிப் பெண்ணைக் காக்க நடக்கவில்லை. ஊர் விசாரித்தது நம் பிள்ளை ஏமாறக்கூடாது என்பதற்காக. அதிகாரி விசாரித்தது தாம் ஏமாறக்கூடாது என்பதற்காக. உண்மையாக நேசித்து மணந்தவள் பொய்யள் என ஐயுறப்பட்டு நிராகரிக்கப்பட்டாள். தேர்ந்த பொய்யரின் கோப்பு அழகாக இருந்ததால் ஏற்கப்பட்டது. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களிலிருந்து 376 தமிழரைப் பொலிசார் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பியபோது, காத்திருப்பதற்கான அறைகூட உறுதியானதன்று என்பது தெளிவாயிற்று. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பலர் திரும்பக் கொண்டுவரப்பட்டனர். எவரும் எவ்வேளையிலும் அகற்றப்படலாம் என்ற அச்சத்தில் வாழ்பவர், தம்மை அக்கரைக்கு அழைத்துக்கொள்வதாகச் சொல்லும் ஒரு குரலை ஐயுற்று ஆராயும் வசதி படைத்தவர் அல்லர். அவர்களை அறியாமையுள்ளவர்கள் என்று பின்னர் பேசியவர்கள் இந்த அச்சத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

நீண்டகாலச் சூழ்ச்சி மனத்தில் என்ன செய்கிறது என்பதை உளவியல் தனியே பெயரிட்டு விளக்கியது அண்மைக் காலத்தில்தான். நடந்ததை நடக்கவில்லை என்று திரும்பத் திரும்ப மறுத்து எதிராளி தம் நினைவையே ஐயுறச் செய்யும் முறைக்கு, பற்றிக் ஹமில்ட்டன் 1938இல் எழுதிய காஸ் லைட் என்னும் ஆங்கில நாடகத்தால் காஸ்லைற்றிங் என்ற பெயர் உலகெங்கும் பரவியது. எவரை நம்பி வாழ்கிறோமோ அவராலேயே நேரும் ஊறு ஏனைய ஊறுகளிலிருந்து வேறுபட்டது என்று அமெரிக்க உளவியலாளர் ஜெனிபர் பிரைட் 1990களில் விளக்கினார். உறவைக் காத்துக்கொள்வதற்காக மனம் துரோகத்தைக் காணாதிருக்கப் பழகிக்கொள்கிறது என்பது அவருடைய கோட்பாட்டின் சாரம். இது உண்மையெனில், உறவு முறிந்தபின் மனம் முதலில் இழப்பது மற்றவர்மீதுள்ள நம்பிக்கையை அன்று, தன் கணிப்பின்மீதுள்ள நம்பிக்கையையே. இந்த விளக்கத்தோடு தயா சோமசுந்தரத்தின் ஆய்வையும் சேர்த்துப் படிக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய அவர், போர் ஈழத்தமிழர் மனங்களில் விட்ட வடுக்களை 1998இல் ஆங்கில நூலாக எழுதினார். காட்டிக்கொடுப்பும் காணாமற் போதலும் மலிந்த சூழலில் ஐயுறவும் மௌனமும் தனியாளின் நோயாக மட்டுமன்றிச் சமூகம் முழுவதன் நடத்தையாகவும் மாறிவிடுவதைத் தம் பிற்கால எழுத்துகளில் கூட்டு மனவடு என்ற கருத்தால் விளக்கினார். கொழும்பில் காதலில் ஏமாற்றப்பட்ட தமிழர் பலருக்கு, எவரிடமும் எதையும் சொல்லாதே என்பது உயிர்காக்கும் பாடமாக ஏற்கெனவே கற்பிக்கப்பட்டிருந்தது. பேசித் தீர்த்துக்கொள்ளும் வழியை அந்தப் பாடமே அடைத்தது.

வழிகள் அறவே இல்லாமலும் இல்லை. 1974இல் கொழும்பில் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பு, மனம் உடைந்தவர் சொல்வதைத் தீர்ப்புக் கூறாமல் கேட்பதையே பணியாகக் கொண்டது. 1987இல் உருவான விமன் இன் நீட் அமைப்பு பெண்களுக்குச் சட்ட உதவியும் உளவளத்துணையும் வழங்கியது. கள்ளூர் அவையத்தின் வேலையில் ஒரு பகுதியை, நடந்தது நடந்ததே என்று பிறர் ஒருவர் ஏற்றுக்கொள்வதை, இத்தகைய சிறிய அறைகள் மீண்டும் செய்யத் தொடங்கின.

சட்டத்தின் பார்வையிலும் ஒரு மாற்றம் வந்தது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், உடற்காயத்தோடு உணர்வுரீதியான துஷ்பிரயோகத்தையும் வன்முறையாக வரையறுத்தது. கடுமையான வகையில் ஒருவரை இழிவுபடுத்தியும் கொடுமைப்படுத்தியும் தொடர்ந்து நடந்துகொள்ளும் போக்கையே அது அவ்வாறு குறித்தது. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் இடைக்காலக் கட்டளையும், பின்னர் பன்னிரண்டு மாதம் வரை செல்லும் பாதுகாப்புக் கட்டளையும் பெறலாம். இதன் புதுமை தண்டனையில் இல்லை, வாசிக்கும் முறையில் இருக்கிறது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்முன் ஒரு கடிதக் கட்டை வைத்தால் அது ஒரு வாக்கியத்தைத் தேடும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்முன் வைத்தால், முதல் கடிதத்திலிருந்து கடைசிக் கடிதம்வரை திகதி வரிசையில் படித்து, அவற்றினூடே ஓடும் போக்கைக் காணவேண்டும். மின்னணு ஆவணமும் எழுத்தாகக் கொள்ளத்தக்கது என்று 2006இன் மின்னணுக் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் பொதுவாக ஏற்றுக்கொண்டபின், கைபேசியில் சேர்ந்துகிடக்கும் ஆயிரக்கணக்கான குறுஞ்செய்திகளும் அவ்வாறு படிக்கப்படக்கூடியவையே. நள்ளிரவுக் கெஞ்சலும், மறுநாள் வசையும், மூன்று நாள் மௌனமும், அதன்பின் வரும் பரிசும் எத்தனை முறை சுழன்றன என்பதை அவை வரிசை மாறாமல் காட்டும்.

ஆயினும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் காக்க முன்வருவது கணவன் மனைவியரையும், முன்னாள் துணைவரையும், கூடிவாழ்வோரையும், நெருங்கிய உறவினரையும் மட்டுமே. வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணோ, கொட்டாஞ்சேனையில் பெற்றோருடன் வாழும் ஓர் இளைஞனோ, ஒரே கூரையின்கீழ் வாழாத ஒரு காதலில் ஆண்டுக்கணக்காக ஆட்டிப்படைக்கப்பட்டால், அவர்களுக்கு அச்சட்டத்தில் இடமில்லை. அவர்களுக்குத் திறந்திருப்பது 1907ஆம் ஆண்டின் 20ஆம் பிரிவுதான்; அது இன்றும் அவர்களிடம் கேட்பது மணப்பேன் என்று எழுதப்பட்ட அந்த ஒரு வாக்கியத்தையே.